பக்கியின் கண்மேல் வைத்த விரல்

அந்தத் தீயை வைத்தவர் நீங்கள். ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வைத்தீர்கள்.

உங்கள் பெயரை நான் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. அந்தக் காலத்தில் மலைச்சரிவில் புல் குத்தகை எடுத்தவர், இப்போது பவுர்ணமிதோறும் பந்தல் போட்டு மோர் ஊற்றுகிறவர் என்று சொன்னால் அடி அண்ணாமலையில் யாரும் உங்கள் வீட்டைக் காட்டுவார்கள். சென்ற மாதம் உங்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். நானும் கூட்டத்தில் கடைசியில் நின்றிருந்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு பழைய கதை பேசினீர்கள்.

"அந்தச் சரிவுல கல்லும் காஞ்ச புல்லும்தான், வேற ஒண்ணும் கெடையாது. பாவம், ஒரு போட்டோக்கடை அம்மா, புள்ள இல்லாத ஏக்கம், அங்க வந்து தனக்குத்தானே நெருப்பு வெச்சுக்கிச்சு. நான்தான் தூக்கினு ஓடினேன்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இனி மூடமாட்டேன்.

அந்தப் போட்டோக்கடை அம்மா என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிட்டவள். அவள் பெயரையும் எழுதப் போவதில்லை. பெயர் வெளியே வருவது அவளுக்குப் பிடிக்காது. அவளே வெளியே வருவது பிடிக்காது. அவளைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வேன். தன்னை யாரும் பார்க்கக் கூடாது என்று வாழ்ந்தவள் அவள்.

தேரடிக்குப் பக்கத்தில் எங்கள் கடை. முன்னால் ஸ்டுடியோ, பின்னால் வீடு. அண்ணன் படம் எடுப்பார். தம்பி, அதாவது என் கணவர், இருட்டறையில் கழுவுவார். கழுவிய நெகட்டிவ் அக்காவிடம் வரும். கொல்லைப்புற ஜன்னலோரம் சாய்வான சின்ன மேசை போட்டு, நெகட்டிவ்வுக்குக் கீழே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டிருப்பாள். ரீடச் வேலை. பெண் பார்க்க அனுப்பும் படங்களில் அம்மைத் தழும்பைக் காணாமல் செய்வாள். கண்ணுக்குக் கீழே கருவளையத்தைக் காணாமல் செய்வாள். அந்த நாளில் இந்த ஊரில் எத்தனையோ கல்யாணங்கள் அவள் பென்சிலால் நடந்தன. அது அவள் வேலை என்று கடைக்கு வருகிற யாருக்கும் தெரியாது. அண்ணன்தான் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அதுவே வசதி.

அவள் கட்டுகிற புடவைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கல்யாணப் பட்டு, சிவப்பு, மயில் கழுத்து எல்லாம் பெட்டியில் கிடக்கும். கட்டுவது மட்டும் வெளுத்த காவி, மக்கின வைக்கோல், செம்மண். எங்கள் அத்தை, அதாவது மாமியார், வாய்விட்டே சொல்வாள்: "இன்னாடி இது, சாணி மெழுகின சுவராட்டம் வந்து நிக்கிறே? நீ இருக்கிறியா இல்லையானே தெரியல."

அக்காவுக்கு அதைக் கேட்டால் உள்ளுக்குள் சந்தோஷம். முகத்தில் தெரியும்.

அண்ணனுக்கு முன்கோபம் ஜாஸ்தி. ஒரு படம் கெட்டுப்போனால் போதும், கத்திக்கொண்டே உள்ளே வருவார். அந்தச் சத்தம் கேட்டதும் மற்றவர்கள் ஓடுவார்கள். அக்கா ஓடமாட்டாள். எழுந்து, கொல்லைப்புறக் கதவுக்கும் தானிய அறைக்கும் நடுவில் ஓர் இடம் உண்டு, அங்கே போய் நிற்பாள். பாதி வெயில், பாதி நிழல். தோள் வரைக்கும் வெளிச்சம், அதற்குக் கீழே இருட்டு. மூச்சு விடுகிறாளா என்றுகூடத் தெரியாது. அவர் அவளைத் தாண்டிப் போவார். "எங்க போயிட்டா இவ?" என்று கொல்லையில் தேடுவார். திரும்பவும் அவளைத் தாண்டி வருவார். கை நீட்டினால் தொடும் தூரம்.

முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அவள் கண்கூட இமைக்கவில்லை. பிறகு நான் சிரித்ததில்லை. மனுஷி இப்படி நிற்கலாமா என்று பயமாக இருந்தது.

இந்த வித்தையை எங்கே கற்றாள் என்று கேட்டேன்.

"கத்துக்கறதுக்கு இன்னாடி இருக்கு? ஓடினாதான் பாப்பாங்க. நின்னா பாக்க மாட்டாங்க."

திங்கட்கிழமைகளில் அவள் மலை சுற்றப் போவாள். குழந்தை வேண்டி நேர்த்திக்கடன் என்பதால் அத்தை தடுக்கவில்லை. தனியாகப் போகக் கூடாது, அவ்வளவுதான். துணைக்கு நான். வெறுங்காலோடு சுற்ற வேண்டும். எனக்குப் பாதி வழியிலேயே முள்ளும் கல்லும் குத்தி வாயில் வசவு வந்துவிடும். அவள் சத்தமில்லாமல் நடப்பாள். தலை நிமிராது. சின்ன வயதிலிருந்து "தலையக் குனிஞ்சு நட" என்று அடித்து அடித்துப் பழக்கியிருந்தார்கள். பழக்கினவர்களுக்குத் தெரியாத ஒன்று நடந்தது. தரையை அவளைப் போலப் பார்த்தவர் யாரும் இல்லை.

ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போதே என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"கால வெக்காதே."

"எங்க?"

"அந்த சருகுக்கு இந்தாண்ட."

நான் பார்த்தேன். சருகு, மண், கூழாங்கல். ஒன்றுமில்லை.

"ஒண்ணும் இல்லியே அக்கா."

"ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்குது இல்ல, அதான்."

அவள் ஒரு குச்சியை வீசினாள். மண் நகர்ந்தது. சுருட்டை விரியன். உடம்பெல்லாம் வெள்ளையும் பழுப்புமாக வளைவு வளைவாகக் கோடு. அந்தக் கோடுகள் சருகின் விளிம்போடும் நிழலோடும் கலந்து பாம்பைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருந்தன. முழுப் பாம்பாக என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அன்றிலிருந்து அந்தப் பாதையில் கால் வைக்குமுன் குச்சியால் தட்டிப் பார்ப்பேன். இன்றைக்கும்தான்.

முயல் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை புல்லுக்குள் முயல் ஒன்றைக் காட்டினாள். அவள் காட்டியும் எனக்குத் தெரிய வெகுநேரம் ஆனது. அது குதித்து ஓடும்போது வயிறு வெள்ளை வெளேர் என்று தெரிந்தது.

"இவ்வளவு வெள்ளய வெச்சுக்கினு எப்படி மறைஞ்சுது?" என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் ஒரு கிழவர் படத்தின் நெகட்டிவ்வை எடுத்தாள். அதே படத்தைக் கண்ணாடித் தகட்டில் அச்சிட்டதையும் எடுத்தாள். ஒன்றன்மேல் ஒன்றைச் சரியாகப் பொருத்தி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். கிழவர் மறைந்துவிட்டார். ஒரே சாம்பல் நிறம்.

"வெயில் மேலேர்ந்து விழுது. எந்தப் பொருளுக்கும் மேல வெளுப்பு, கீழ கருப்பு. அப்பதான் உருண்டையா எடுத்துக் காட்டும். கடையில அவரு லைட் வெக்கறது அதுக்குதான். முயலுக்குப் பாரு, முதுகு கருப்பு, வயிறு வெள்ளை. வெயிலுக்கு நெகட்டிவ்வு அது. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்தா அழிஞ்சு போவுது. தட்டையா, மண்ணோட மண்ணா."

"முயலுக்கு ரீடச் பண்ணது யாரு அக்கா? உன்ன மாதிரி ஒரு மாட்டிக்கினவளா?"

அவள் சிரித்தாள். சத்தமாக. அப்படி அவள் சிரித்து நான் கேட்டது கம்மி.

ஆனால் பங்குனி பிறந்தால் அவளுக்குச் சிரிப்பு போய்விடும். புல் காயக் காய அவள் முகமும் காயும். சரிவில் காய்ந்த புல்லைக் கொளுத்திவிட்டால் கோடை மழைக்குப் புதுப்புல் குருத்து விடும். குத்தகைக்காரர்கள் வருஷாவருஷம் செய்கிற வேலை. அதே நாட்களில்தான் பக்கி என்கிற இராக்குருவிகள் தரையில் முட்டையிடும். கூடு கிடையாது. வெறும் மண்ணில் முட்டை, அதன்மேல் தாய். கருப்பும் பழுப்பும் வெளுப்புமாக இறகு. உட்கார்ந்தால் கல்லோடு கல். நரி பக்கத்தில் வந்தாலும் எழாது. தன் நிறத்தை அவ்வளவு நம்பும்.

"நரிக்குக் கண்ணு இருக்குது, ஏமாத்திப்புடலாம்" என்பாள் அக்கா. "நெருப்புக்குக் கண்ணு ஏதுடி?"

அந்த நாட்களில் வேலையை விட்டுவிட்டு எழுந்து மொட்டைமாடிக்கு ஓடுவாள். மலைப்பக்கம் புகை தெரிகிறதா என்று பார்ப்பாள். யார் வீட்டு அடுப்புப் புகை வந்தாலும் மூக்கை விடைத்துக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் இருக்கிற எனக்கும் சோறு இறங்காது.

அந்த வருஷம் அடி அண்ணாமலைக்கு மேலே சரிவில் ஒரு பாறையோரம் பக்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து புருஷனிடம் எதையும் கேட்காதவள், அன்றைக்குக் கேட்டாள். "அதை ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா? குத்தகைக்காரருக்குக் காட்டினா வெக்க மாட்டாரு."

அண்ணனுக்குத் தன் கேமரா மீது பெருமை. முக்காலியோடு வந்தார். பக்கி அசையவில்லை, நிதானமாக எடுத்தார். படம் கழுவி வந்தது. கல், மண், புல், நிழல். பக்கியைக் காணோம்.

"எங்கடி இருக்குது உன் பக்கி?" என்று கத்தினார். "கண்ணுல கொஞ்சம் வெளுப்புத் தொட்டு, முதுகோரமா ஒரு கோடு இழு. எடுத்துக் காட்டும். ஊர்ல இருக்கிற மூஞ்சியெல்லாம் மாத்துறே, இது முடியாதா?"

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதுக்குன்னு இருக்கறது அந்த மறைப்பு ஒண்ணுதாங்க. அதையும் நான் அழிக்கணுமா?"

அண்ணன் எரிச்சலில் அந்தப் படத்தை அப்படியே கடைச் சுவரில் மாட்டினார்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன்.

உங்கள் மகளின் படத்தை வாங்க நீங்கள் கடைக்கு வந்தீர்கள். அண்ணன், தம்பி இருவரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் மேசையில் இருந்தேன். அக்கா திரைக்குப் பின்னால் இருந்தாள். சுவரைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"இன்னாம்மா இது, கல்லைப் போட்டோ புடிச்சு மாட்டி வெச்சிருக்கீங்க? கல்லுக்கும் கல்யாணமா?"

"கல்லு இல்லங்க. பக்கி. உங்க குத்தகைச் சரிவுல அடை காக்குது. எங்கேனு சொல்லுங்க பாக்கலாம்" என்று படத்தைக் கழற்றிக் கொடுத்தேன். நான் அந்தப் படத்தில் அதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகியிருந்தது, அதுவும் அக்கா சொல்லிச் சொல்லி.

நீங்கள் படத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினீர்கள். வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினீர்கள். உங்கள் விரல் தேடவில்லை. நேராகப் போய் ஓர் இடத்தில் நின்றது.

"இதா கீது கண்ணு. அரக்கண்ணு மூடினு கீது பாரு. இது அலகு. இங்க வாலு முடியுது."

"எப்படிங்க?" என்று வாய்பிளந்தேன்.

"அட போம்மா. சின்ன வயசுலேர்ந்து காட்டுல கெடக்கறவன் நானு. முயலு, கவுதாரி எல்லாம் கண்ணாலயே புடிப்பேன். ஓடறது எல்லார் கண்ணுலயும் படும். அசையாம கெடக்குது பாரு, அதான் எனக்கு மொதல்ல கண்ணுல படும்."

இதைச் சொன்னது நீங்கள். உங்கள் வாயால்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "குஞ்சு பறக்கற வரைக்கும் நெருப்பு வெக்காதீங்கய்யா."

நீங்கள் திரையைப் பார்த்தீர்கள். கையில் உங்கள் மகளின் படம், தழும்பில்லாத முகம். "சரிம்மா, வெக்கல. எம் பொண்ணு மூஞ்சிய இவ்ளோ லட்சணமா ஆக்கிக் குடுத்திருக்கீங்க. அதுக்காச்சும் வெக்கல" என்றீர்கள்.

அக்கா உங்களை நம்பினாள். இருந்தாலும் பயம் விடவில்லை. திங்கட்கிழமை மலை சுற்றும்போது அந்தப் பாறைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள், பார்த்துக்கொண்டே. நான் கீழே குளத்துப் படியில் சோற்று மூட்டையோடு காத்திருப்பேன்.

அன்றைக்குக் காலையிலேயே மேகம் கட்டியிருந்தது. ஒரு மழை விழுந்தால் புல் நனைந்துவிடும், பிறகு கொளுத்த முடியாது. நீங்கள் ஆட்களோடு வேகமாக வந்தீர்கள். சரிவுக்குக் கீழே நின்றீர்கள். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்தீர்கள். அந்தப் பாறையைப் பார்த்தீர்கள். வெகுநேரம் பார்த்தீர்கள். பார்க்கிறார், ஆள் இருப்பது தெரிந்துவிடும், வைக்க மாட்டார் என்று என் மனசு ஆறியது.

பிறகு குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கிக் காற்றில் விட்டீர்கள். ஆட்களிடம் ஏதோ சொன்னீர்கள். கையை அசைத்தீர்கள்.

நான் கத்தினேன். கத்திக்கொண்டே ஓடினேன். தீ கோடு கோடாக மேலே ஏறியது. உண்மையைச் சொல்கிறேன், அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்த எனக்கே அந்த நேரத்தில் பாறைதான் தெரிந்தது. செம்மண் புடவை, வெளுத்த முந்தானை, அசையாத உடம்பு. "அக்கா, எந்திரி!" என்றேன். எழவில்லை. காற்று திரும்பியது. பிறகுதான் அவள் எழுந்தாள். பின்னால் நெருப்பு, முன்னால் கருப்பாக அவள். அந்தச் சரிவு முழுவதும் அவள் ஒருத்திதான் தெரிந்தாள். அப்படி எல்லார் கண்ணுக்கும் தெரிய அவள் நின்றது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

குனிந்து தீக்குள் கையை விட்டாள். இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்துக்கொண்டு இறங்கி வந்தாள். உள்ளே ஒரு முட்டை, கரி பிடித்துப்போய்.

நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அந்த வழியாகக் கல் ஏற்றிப்போன வண்டிக்காரர் கல்லையெல்லாம் பாதையில் தள்ளிவிட்டு அவளை ஏற்றினார். நீங்கள் எங்கே போனீர்கள் என்பது ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்தது. எங்களுக்கு முன்னால் உங்கள் பேச்சு அங்கே வந்து சேர்ந்திருந்தது. கட்டுப் போட வந்த அம்மாள் கேட்டாள்: "ஏம்மா, மண்ணெண்ணெயா ஊத்திக்கின?"

பிள்ளையில்லாதவள், நேர்த்திக்கடனுக்கு நடந்து நடந்து அலுத்தவள், மலைமேல் போய்த் தீ வைத்துக்கொண்டாள். உங்கள் ஆட்களும் அதையே சொன்னார்கள், ஊருக்கு அது போதும். நான் வாயைத் திறக்கப் போனால் அக்கா கண்ணாலேயே தடுத்தாள்; அத்தை அழுதுகொண்டே நம்பினாள். அண்ணன் ஒரே ஒரு தடவை கேட்டார். "நீயே வெச்சுக்கினியா?" அக்கா எழுந்து போய் அந்தக் கதவோரத்தில், பாதி வெயில் பாதி நிழலில் நின்றாள். அன்றைக்கு அவர் அவளைத் தேடவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒளிய இருந்த ஒரே இடமும் போய்விட்டது.

விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பென்சில் பிடிக்க முடியவில்லை. ரீடச்சுக்கு வேலூரிலிருந்து ஒருவர் வந்தார். கல்யாணப் பெண்களின் முகம் மாவு பூசினாற்போல் வந்தது. அக்கா அதே ஜன்னலோரம், கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"வா, போலீசுக்குப் போவோம். அந்த ஆளை ஊர் நடுவுல நிக்க வெச்சுக் கேப்போம்" என்பேன் நான்.

"வேணாம்டி. பேசினா எல்லாரும் என்னப் பாப்பாங்க."

"இப்ப பாக்காமயா இருக்காங்க? தெருவே உன் கையத்தான் பாக்குது!"

இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொள்வாள். எனக்கு அவள் மேலேயே ஆத்திரம் வரும். ஏன் எழுந்து ஓடவில்லை என்று கேட்டே விட்டேன்.

"அது எந்திரிக்கும்னு பாத்துக்கினே இருந்தேன். அது எந்திரிக்கல. நானும் எந்திரிக்கல" என்றாள். பிறகு, "அந்த ஆளு என்னப் பாத்தாரு. கண்ணும் கண்ணும் பட்டுச்சு. பாத்துட்டாரே, இனிமே வெக்க மாட்டாருன்னு உக்காந்துட்டேன்" என்றாள்.

வேறு யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். மாலை போட அவள் படம் வேண்டுமென்றார்கள். போட்டோக்கடை வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை.

நீங்கள் அன்றிலிருந்து சொல்வது ஒன்றுதான்: "அந்தச் சரிவுல கல்லும் காஞ்ச புல்லும்தான், வேற ஒண்ணும் கெடையாது." நான் சொல்லியிருந்தால் நம்பலாம். நான் குருடி மாதிரி. நீங்கள் அப்படியா? காகிதத்தில் நகம் அளவு இருந்த பக்கியின், பாதி மூடிய கண்ணை விரல் வைத்துக் காட்டியவர். அசையாமல் கிடப்பதுதான் முதலில் கண்ணில் படும் என்று சொன்னவர். பாறையோரம் உட்கார்ந்திருந்த ஒரு முழுப் பெண்பிள்ளை உங்கள் கண்ணில் படவில்லையா?

இப்போது கண் மங்கிவிட்டது என்று சொல்லாதீர்கள். சால்வை போர்த்திய அன்று அத்தனை கூட்டத்தில், கடைசியில், ஆடாமல் நின்றிருந்த என்னைப் பார்த்தீர்கள். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

அந்தப் படம் என்னிடம்தான் இருக்கிறது. வருகிற பவுர்ணமிக்கு உங்கள் மோர்ப் பந்தலுக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன். ஊர் கூடியிருக்கும், மைக்கும் இருக்கும். படத்தை உங்கள் கையில் கொடுப்பேன். பக்கி எங்கே என்று காட்டுங்கள். உங்கள் விரல் தடுமாறினால் நான் பேசாமல் திரும்பிப் போய்விடுகிறேன். தடுமாறாவிட்டால், விரலை எடுக்காமல், அதே மைக்கில், எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்: அன்றைக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் பார்த்தீர்களே, அந்தப் பாறையோரத்தில் என்ன பார்த்தீர்கள்?